சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் செயற்கைக் கல்: சுவருக்கு எது, தரைக்கு எது?

பூஜை மாடத்தின் பின்சுவருக்கும் ஹால் தரைக்கும் ஒரே செயற்கைக் கல் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. சுவருக்கென்று விற்கும் மெல்லிய கல் மிதிபடத் தாங்காது.

சுவர்க் கல் ஜிப்சமா, சிமெண்ட்டா என்று கடையில் முதலில் கேளுங்கள். ஜிப்சம் லேசானது, மலிவானது. ஆனால் சிங்கப்பூர் ஈரப்பதத்துக்குச் சிமெண்ட்தான் என் தேர்வு. உடைந்த துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்: உள்ளேயும் நிறம் இருந்தால் நல்லது, மேற்பூச்சு மட்டும் என்றால் சிராய்ப்பு பளிச்சென்று தெரியும். சொரசொரப்பான கல் விளக்கில் ஊற்றும் எண்ணெயையும் புகைக்கரியையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பதித்து நன்றாகக் காய்ந்தபின் ஊடுருவும் வகை சீலர் (கல்லுக்குள் இறங்கிக் கறையைத் தடுக்கும் பூச்சு) பூசுங்கள். துடைக்க மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். வினிகர், எலுமிச்சை எல்லாம் சிமெண்ட்டை அரித்துவிடும். (யூடியூப் வைத்தியங்களை நம்பாதீர்கள்!)

தரைக்குக் கல் தோற்றமுள்ள போர்சலின் டைல் சரி. பழைய டைல் மேலேயே ஒட்டுவதாக இருந்தால் அளந்து பாருங்கள். வீவக விதிப்படி டைல்களும் அடிச்சாந்தும் சேர்ந்து 50 மி.மீ. தாண்டக்கூடாது. அப்புறம், புது வீடென்றால் குளியலறை டைல்களை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்க அனுமதியில்லை.

குவார்ட்ஸ் பலகை (குவார்ட்ஸ் கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்வது) ஏதும் போடுவதானால் வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் உலர்வாக வெட்ட விடாதீர்கள். அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்; ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தப் பலகைகளையே தடை செய்தது.