சோனியோட கேம் கன்சோல் பிஎஸ்5 வாங்கப் போறேன், டிஸ்க் போடுற மாடலா, டிஸ்க் இல்லாம நெட்ல இறக்கி ஆடுற டிஜிட்டலா, எது எடுக்கலாம்?

டிஸ்க் போடுறதையே எடுங்க ப்ரோ. சம்பளத்துல மிச்சம் புடிச்சு வாங்குற ஆளுன்னு நினைச்சுதான் சொல்றேன், நெனச்ச கேமை எல்லாம் ரிலீஸ் அன்னைக்கே வாங்குற வசதி இருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க.

2024ல இங்க பிஎஸ்5 ஸ்லிம், அதான் சின்னதாக்கின மாடல், வந்தப்போ டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் லாபம்னுதான் தோணும். ஆனா சோனியோட பெரிய கேம் ஒண்ணு புதுசா வந்தா அப்போ 4,999 ஆச்சே. நான் காட் ஆஃப் வார் ராக்னராக் கேம் டிஸ்க்கை சுடச்சுட வாங்கி, முழுசா முடிச்சுட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரண்ணன் டிஸ்க்கோட ஓரத்தை மட்டும் புடிச்சு ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தாரு, அப்புறம் டப்பாவோட உள்பக்கத்தைத் தடவிப் பாத்தாரு, "சுத்தமா வெச்சிருக்கீங்க தம்பி"ன்னு சொல்லி எடுத்துக்கிட்டாரு. மேல கொஞ்சம் காசு போட்டு எல்டன் ரிங் கேம் டிஸ்க் எடுத்துட்டு வந்தேன். அது இப்போ மச்சான்கிட்ட இருக்கு, அவனோட ஸ்பைடர்மேன் என்கிட்ட இருக்கு. டிஜிட்டல்ல வாங்கியிருந்தா எல்லாம் அக்கவுன்ட்டுக்குள்ளயே கெடக்கும், விக்கவும் முடியாது கைமாத்தாக் கொடுக்கவும் முடியாது. டிஸ்க் மாடல்னா பழைய பிஎஸ்4 டிஸ்க்கும் இதுல ஓடும்.

கமென்ட்ல பாயப்போறவங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன். சேல்ல டிஜிட்டலும் சீப்பா கிடைக்கும், தெரியும். டிஸ்க் போட்டாலும் இன்ஸ்டால் ஆகணும், பேட்ச், அதான் கேமோட அப்டேட், இறங்கணும், அதுவும் தெரியும். நெட் இல்லாம ஓடவே ஓடாத தி க்ரூ கேமுக்கு 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினதும் டிஸ்க் வெச்சிருந்தவனும் நடுத்தெருவுல நின்னான், அதையும் மறக்கல. எனக்கு எந்தக் கம்பெனிக்காரனும் காசு தரல.

ஆனா டிஜிட்டல் எடுத்தா 90, 100 ஜிபி கேமை முழுசா இறக்குற மாதிரி நெட் உங்க வீட்ல இருக்கா? எங்க ஏரியா கேபிள்காரர் இருக்காரே, நாலு தூறல் போட்டா லைன் போயிடும், போன் அடிச்சா "பையன அனுப்பறேன் சார்"ம்பாரு, அந்தப் பையன் மறுநாள் சாயங்காலம் வந்து கம்பத்துல ஏறி எங்க லைனை சரி பண்ணிட்டு எதிர்வீட்டு ஒயரைப் புடுங்கி விட்டுட்டுப் போவான், அப்புறம் எதிர்வீட்டுக்காரர் என்னை முறைப்பாரு, மாசம் ஒண்ணாம் தேதி ஆனா மட்டும் வசூலுக்கு கரெக்டா காலிங் பெல் அடிக்குது.

இன்னொரு ஆத்தாமை ஸ்ப்ளிட் ஸ்கிரீன், அதான் ஒரே திரையைப் பிரிச்சு ரெண்டு பேர் ஆடுறது. ஒரே டிவி முன்னாடி உக்காந்து மச்சானும் நானும் அடிச்சுக்கணும், அவ்வளவுதான் ஆசை. இட் டேக்ஸ் டூ மாதிரி சிலது தவிர மத்ததுக்கு ரெண்டு கன்சோல், ஆன்லைன்ல சேந்து ஆட ரெண்டு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கேக்குறானுங்க.

பிஎஸ்5 ப்ரோ மாடல் பக்கம் போகாதீங்க, அதுல டிஸ்க் டிரைவே கிடையாது, தனியா வாங்கி மாட்டணும். ஸ்லிம் எடுத்தா முதல் தடவை செட் பண்றப்போ டிரைவை கன்சோலோட சேக்க நெட் வேணும், அன்னைக்கு போன்ல ஹாட்ஸ்பாட் ரெடியா வெச்சுக்கோங்க.