95 விழுக்காடு என்பது எதைப் பற்றிய உறுதி?

கேள்வி: புள்ளியியல் செய்முறைக்காக, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காலைப்பொழுதில் 25 சங்கரா மீன்களை எடைபோட்டோம். சராசரி 240 கிராம். எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 40 கிராம். 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 223.5 முதல் 256.5 கிராம் வரை என்று வந்தது. உண்மையான சராசரி இதற்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95 என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். தவறு எங்கே?
- கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை. திட்ட விலக்கத்தை 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுக்க, 25 மீன்களின் சராசரி ஒவ்வொரு தேர்விலும் எவ்வளவு மாறக்கூடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை 8 கிராம் கிடைக்கிறது. முழுமைத்தொகுதியின், அதாவது அன்று கரைசேர்ந்த சங்கரா மீன்கள் அனைத்தின், திட்ட விலக்கம் தெரியாமல் கூறிலிருந்தே (எடைபோட்ட 25 மீன்களிலிருந்தே) அதை மதிப்பிட்டிருப்பதால், இயல்நிலைப் பரவலுக்குரிய 1.96-ஐ விடுத்து, வரையற்ற பாகை 24-க்குரிய (மீன்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) டி-பரவல் மதிப்பான 2.064-ஆல் பெருக்கியதும் முறையே. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சிறு கூறுகளிலிருந்து முடிவெடுக்கும் தேவையால் ஆராய்ந்து, 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது இப்பரவல்.

பேராசிரியர் அடித்த வரிக்கு வருவோம். அன்று கரைசேர்ந்த சங்கரா மீன்கள் அனைத்தின் சராசரி எடை, நாம் அறியாவிட்டாலும், நிலையான ஓர் எண். நீங்கள் எழுதிவிட்ட இரண்டு எல்லைகளும் அப்படியே. ஆகவே அச்சராசரி இந்த எல்லைகளுக்குள் இருக்கிறது, அல்லது இல்லை. வாய்ப்பு என்பது மீன்களைத் தேர்ந்தெடுத்த செயலில்தான் இருந்தது. வேறு 25 மீன்கள் கிடைத்திருந்தால் வேறோர் இடைவெளி வந்திருக்கும். இவ்வாறு மீண்டும் மீண்டும் கூறெடுத்து இடைவெளிகளைக் கணித்துக்கொண்டே போனால், அவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு உண்மையான சராசரியை உள்ளடக்கியிருக்கும் என்பதே, 1937-இல் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் வகுத்த இம்முறை தரும் உறுதி. அது முறையைப் பற்றியது. உங்கள் கையிலுள்ள ஓர் இடைவெளியைப் பற்றியது அன்று.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: அந்த 25 மீன்களை எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரே விசைப்படகின் ஒரே கூடையில், மேலே கிடந்தவற்றை எடுத்திருந்தால், அது ஒவ்வொரு மீனுக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பைத் தரும் சமவாய்ப்புக் கூறு ஆகாது. மேற்சொன்ன உறுதியும் பொருந்தாது. மீன்களை 100 ஆக உயர்த்தினால் இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறுகும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய மீன்களே மேலே இருந்திருந்தால், அந்தக் குறுகிய இடைவெளியும் உண்மையான சராசரிக்கு மேலேயே நிற்கும். எந்தெந்தப் படகுகள், எந்தெந்தக் கூடைகள், எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் இடைவெளிக்கு முன்பாகவே எழுதுங்கள்.