மெட்டு தொலைந்த பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய கால ஜெர்மன் கவிதைகளைப் பாடிய, ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஓகன்வைடே குழுவின் 1973 ஆல்பத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்ததைப் பார்த்துத் தேடிக் கேட்டேன். மொழி புரியாமலேயே ஒரு வாரமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் மேற்கத்திய இசை படித்த நண்பர் ஒருவர், "சொல் மட்டும்தான் பழசு, மெட்டு இவர்களே போட்டது, பேஸ் கிட்டாரை வைத்துக்கொண்டு என்ன மத்திய காலம்?" என்று சிரித்துவிட்டார். நான் ரசித்தது போலியையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்ன தகவல் பெரும்பாலும் சரி. சிரித்ததுதான் தப்பு.

அந்த ஆல்பத்தில் வரும் கவிஞர்களில் ஒருவரான வால்ட்டர் ஃபான் டெர் ஃபோகல்வைடே 1230 வாக்கில் இறந்துபோனார். அந்தக் காலத்து ஜெர்மன் காதல் பாடல்களுக்கு நமக்கிருக்கும் பெரிய கருவூலம் சூரிச்சில் 1300 தொடங்கி எழுதப்பட்ட மனெஸ்ஸே சுவடி, இப்போது ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 426 தோல் ஏடுகள், 140 கவிஞர்கள், தங்கமும் நீலமும் சிவப்புமாக முழுப்பக்க ஓவியங்கள். வால்ட்டர் ஒரு பாறைமேல் கால்மேல் கால் போட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஆனால் அத்தனை ஏட்டிலும் ஓர் இசைக்குறிப்புகூடக் கிடையாது! எல்லாமே பாடுவதற்காக எழுதியவை, மெட்டு மட்டும் இல்லை. புனித பூமிக்கு வந்து சேர்ந்தவர் பாடுவதாக வால்ட்டர் எழுதிய பாலஸ்தீனப் பாட்டுக்கு முழு மெட்டு கிடைத்ததே 20ஆம் நூற்றாண்டில், ம்யூன்ஸ்டரில் அகப்பட்ட ஒரு கிழிந்த தோல் துண்டிலிருந்துதான். அப்படிக் கிடைக்கும் குறிப்புகளும் சுரம் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுமே தவிர, எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஆக, பழைய வாத்தியங்களைச் செய்து வைத்துக்கொண்டு, அந்தக் கால உடுப்பும் போட்டுக்கொண்டு வாசிக்கிறவர்களும் பாதி ஊகத்தில்தான் வாசிக்கிறார்கள். நண்பர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பாரா?

அப்புறம், வால்ட்டரின் காலத்திலேயே ஒருவர் மெட்டில் இன்னொருவர் சொல்லை ஏற்றிப் பாடுவது சர்வ சாதாரணம். நான் சொன்ன அந்தப் பாலஸ்தீனப் பாட்டின் மெட்டே தெற்கு பிரான்ஸின் கவிஞர் ஜோஃப்ரே ருடெல் பாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இரவல் வாங்குவது அவர்களுக்கு இழுக்காகவே இருக்கவில்லை.

நீங்கள் கேட்ட ஆல்பத்தில் 'நீமன் கான் மிட் கெர்ட்டன்' என்று ஒரு பாட்டு வருமே, அது வால்ட்டருடையது. பிரம்பைக் கொண்டு பிள்ளைக்கு ஒழுக்கம் புகட்ட எவராலும் ஆகாது. நல்லபடி வரக்கூடிய பிள்ளைக்கு ஒரு சொல்லே அடி மாதிரி. இதை நான்கு வரியில் சொல்லிவிட்டு, அதே நான்கு வரிகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் சொல்லிக் கண்ணியை முடிக்கிறார். அடுத்த கண்ணிகளில் நாக்கைக் காத்துக்கொள், கண்ணைக் காத்துக்கொள், காதைக் காத்துக்கொள் என்று போகிறது, எல்லாம் அதே கண்ணாடி அமைப்பில். ஏட்டில் படிக்கும்போது இது கெட்டிக்கார வேலையாகத் தெரியும், அவ்வளவுதான். பாடிக் கேட்டால்தான், போன வரி திரும்பி வருகிறபோது அது கொஞ்சம் கண்டிப்பாகவும் கொஞ்சம் விளையாட்டாகவும் ஒலிப்பது தெரிகிறது. அதைக் கேட்க யாராவது மெட்டுப் போட்டுத்தானே ஆகவேண்டும்?

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அது எழுபதுகளின் ஜெர்மனி. நாட்டுப்பாடல் என்றாலே நாஜி இளைஞர் படையின் அணிவகுப்பு ஞாபகம் வந்து ஒரு தலைமுறையே கூசிப்போயிருந்தது. பழைய பாட்டெல்லாம் செத்துவிட்டது, பழுப்புச் சட்டைக் கும்பல் கத்தியே கொன்றுவிட்டது என்று ஜெர்மன் பாடகர் ஃப்ரான்ஸ் யோசஃப் டேகன்ஹார்ட் பாட்டாகவே பாடினார். இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் மாதிரியான குழுக்கள் தங்கள் ஊர்ப் பாட்டை ராக்கில் கூசாமல் பாடிக்கொண்டிருந்தபோது, ஜெர்மன் பையன்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர்களில் சிலர் எழுநூறு, எண்ணூறு வருஷம் தாண்டிப் பின்னால் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கேட்ட அந்த முதல் ஓகன்வைடே ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஆக்கிம் ரைக்கல், 'த ராட்டில்ஸ்' என்ற ராக் குழுவில் பாடியவர். ராக் தெரிந்த கைதான் அதைத் தொட்டது, அதை ஒளிக்கவும் இல்லை.

சரி, அடுத்து என்ன கேட்பது? 1974இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் மெர்சபர்க் மந்திரங்கள் இருக்கின்றன. அந்த ஊர் தேவாலய நூலகத்தில் ஒரு சமயச் சுவடியின் வெற்றுப் பக்கத்தில் யாரோ பத்தாம் நூற்றாண்டில் எழுதி வைத்த இரண்டு மந்திரங்கள், 1841இல்தான் கண்ணில் பட்டன. ஒன்று கைதியின் கட்டை அவிழ்க்க. மற்றது சுளுக்கிய குதிரைக்காலுக்கு: எலும்போடு எலும்பு, ரத்தத்தோடு ரத்தம், மூட்டோடு மூட்டு, பசை போட்டு ஒட்டினாற்போல. இதற்கும் மெட்டு கிடையாது, இவர்கள் போட்டதுதான். முதல் ஆல்பத்தைவிட இதில் குழு நன்றாக ஒட்டிவந்திருக்கிறது. பெர்லினைச் சேர்ந்த இன் எக்ஸ்ட்ரேமோ குழுவும் பேக்பைப்பும் மெட்டல் கிட்டாருமாக இதே மந்திரங்களைப் பாடியிருக்கிறார்கள். அதையும் கேளுங்கள், எனக்குத்தான் அந்தச் சத்தம் அதிகம்.