பெட்டகத்தில் கிடைத்த ரிவால்வரின் வயது

கேள்வி: பாகப் பிரிவினைக்காக எங்கள் பூர்விக வீட்டைத் திறந்தபோது, பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஐயாவின் பெட்டகத்தில் குட்டையான ரிவால்வர் ஒன்று கிடைத்தது. மேற்பட்டையில் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. சிலிண்டரில் முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும், குழலில் நட்சத்திரத்தின் கீழ் ஓர் எழுத்தும் உள்ளன. பிடியின் அடியில் 37 என்றிருப்பதால் 1837இல் செய்தது என்கிறார் அண்ணன். இங்கிலாந்தில் செய்ததுதானா? படங்களை இணைத்துள்ளேன்.
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ரிவால்வர் பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரத்தில் சோதிக்கப்பட்டது, பெரும்பாலும் அங்கேயே செய்யப்பட்டதாகவும் இருக்கும். ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்பது பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் 1872இல் கொண்டுவந்த சட்டைப்பை ரிவால்வரின் பெயர். அது நன்றாக விற்பனையாகவே, லியேஜ் பட்டறைகள் அதே அமைப்பில், அதே பெயரைப் பொறித்து ஏராளமாகச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பின. ஆகவே கண்ணில் முதலில் படும் பெரிய எழுத்துகளை நம்பிவிடக் கூடாது. உண்மையைச் சொல்வது சிறிய முத்திரைகளே.

முட்டை வடிவ ஈ.எல்.ஜி. முத்திரை, வழக்கத்தைவிடக் கூடுதலான மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்தும் வெடித்துச் சிதறாத ஆயுதத்துக்கு லியேஜ் சோதனைக்கூடம் இட்டது. 1893 முதல் அந்த முத்திரையின் தலையில் ஒரு கிரீடம் சேர்க்கப்பட்டது. உங்கள் படத்தில் கிரீடம் இல்லை. குழலில் உள்ள எழுத்து, சோதனை அலுவலருடைய அடையாளம்: 1877 வரை அந்த எழுத்தின் மேல் கிரீடமும் அதன் பின்னர் நட்சத்திரமும் இடப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ரிவால்வர் 1877க்கும் 1893க்கும் இடையில் சோதனைக்கூடத்தைக் கடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். 37 என்பது ஆண்டு அன்று. கையால் இழைத்துப் பொருத்திய உறுப்புகள் ஒன்றோடொன்று மாறிவிடாதிருக்கப் பட்டறையில் இட்ட எண்ணாக இருக்க வேண்டும். 1837இல் இவ்வகை ரிவால்வரே கிடையாது.

இது சோதித்த காலமே தவிர, ஐயா வாங்கிய காலம் அன்று. அவர் பல ஆண்டுகள் கழித்துப் பழையதாகவும் வாங்கியிருக்கலாம்.

பித்தளைச் சாமானைத் துலக்குவதுபோல் புளியோ, உப்புத்தாளோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மயிரிழை ஆழமே உள்ள முத்திரை ஒருமுறை தேய்ந்தால் மீளாது. சுத்தம் செய்வதும் விசையைத் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், சிலிண்டருக்குள் பழைய தோட்டா இருக்கக்கூடும்.

இதைவிட முக்கியமானது சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதமாயினும், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு உண்டு. அதை நீங்களோ நானோ தீர்மானிக்க இயலாது. எனவே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் தந்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை பங்காளிகள் எவரும் அதை வீட்டை விட்டு எடுத்துச் செல்ல வேண்டாம்.

பெட்டகத்தில் உள்ள கணக்கு ஏடுகளையும் தாள்களையும் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அங்கும் நடைமுறையில் இருந்தது. ஐயாவின் பெயரில் ஒரு பழைய லைசென்ஸோ ரங்கூன் கடை ரசீதோ அவற்றுள் இருந்தால், வாங்கிய ஆண்டும் தெரிந்துவிடும்.