கணினி முடங்கினால் அப்பாவின் மருந்துக்கு என்ன வழி?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கு இன்சுலின், மெட்பார்மின். கால் எரிச்சலுக்கு பிரிகாபலின். 2024 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பார்மசியில் ‘சிஸ்டம் டவுன்’ என்று கையை விரித்துவிட்டார்கள். மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்வது? மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்கலாமா?

பதில்: அது ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. இங்கே ஜிபிகள், அதாவது குடும்ப டாக்டர்கள், பலர் நோயாளிப் பதிவுக்கும் மருந்துச் சீட்டுக்கும் பயன்படுத்தும் ‘எமிஸ்’ மென்பொருளும் மாட்டிக்கொண்டது. மெட்பார்மின் பெட்டி என்னவோ அலமாரியில்தான் இருந்திருக்கும். அதைக் கொடுக்கச் சொல்லும் சீட்டுதான் வந்து சேரவில்லை. பல ஜிபிகள் பச்சைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தே அன்றைய பொழுதை ஓட்டினார்கள்.

ஆகவே பதுக்க வேண்டாம். இன்சுலின் அளவோ வகையோ மாறினால் வாங்கிவைத்தது குப்பைக்குத்தான். ஒரு வாரம் கையிருப்பு போதும். கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஏழு நாள் முன்பே ரிப்பீட் (வழக்கமான மருந்துக்கு மறுசீட்டு) கேளுங்கள். திறக்காத இன்சுலின் ஒரு பெட்டி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம்.

அப்புறம், ஆதாரம். அப்பாவின் பெயர், மருந்து, அளவு, தேதி அச்சிட்ட பார்மசி லேபிளோடு காலிப் பெட்டியை எடுத்து வையுங்கள். பையில் போட்டுத் தரும் ரிப்பீட் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் ஆப் இருக்கிறதே என்பீர்கள். ஜிபி கணினியிலிருந்துதான் அதற்கும் தகவல் வர வேண்டும்.

இந்த ஆதாரத்தோடு போனால், சீட்டு இல்லாமலே ‘எமர்ஜென்சி சப்ளை’ தர பார்மசிஸ்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. மெட்பார்மின் மாதிரி மருந்து 30 நாள் வரை. இன்சுலின் என்றால் கிடைப்பதிலேயே சின்ன பேக் ஒன்று. தருவதும் மறுப்பதும் அவர் முடிவு, காசும் கேட்கலாம். என்எச்எஸ் உதவி எண் 111-ஐ அழைத்து அவர்கள் மூலமாகப் போனால் என்எச்எஸ் கணக்கிலேயே முடியும்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ டாக்டர் எழுதிய சீட்டை நீட்டுவார்கள். அது இதற்குச் செல்லாது. பிரிட்டனிலோ, சட்டம் ஏற்கும் சில ஐரோப்பிய நாடுகளிலோ உள்ள மருத்துவர் அதே மருந்தை முன்பு எழுதியிருக்க வேண்டும். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தையே இன்னும் சாப்பிடுகிறார் என்றால், இப்போதே ஜிபியிடம் காட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது பிரிகாபலின்தான். 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டுப்பாட்டு மருந்து. எமர்ஜென்சி சப்ளையில் ஒரு மாத்திரைகூடத் தர முடியாது. திடீரென நிறுத்தினால் தூக்கம் போகும், வியர்த்துக் கொட்டும். ஒரு வாரக் கையிருப்பு குறையாமல் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்படியும் தீர்ந்துவிட்டால் பார்மசியில் மல்லுக்கட்டாமல், ஜிபியிடம் கைச்சீட்டு கேளுங்கள். ஜிபி மூடியிருந்தால் 111-இல் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். ‘இருப்பதைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறேன்’ என்று அப்பா சொன்னால் மட்டும் விடாதீர்கள்.