சுருண்ட இலைக்குள் சிவப்பு வண்டு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சம்பா நட்டு 35 நாள் ஆகிறது. ரகம் சி.ஆர். 1009 சப்-1. அங்கங்கே இலை சுருண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. பிரித்தால் எறும்பு மாதிரி ஒரு சிவப்பு வண்டு ஓடுகிறது. கடையில் காட்டினேன். “இதுதான் இலையைத் தின்கிறது” என்று இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். உடனே அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த வண்டு இலையைத் தின்னாது. இலையைச் சுருட்டிய புழுவைத் தின்னத்தான் உள்ளே புகுந்திருக்கிறது. தரை வண்டு என்போம். உடம்பு செம்பழுப்பு, தலை கறுப்பு, இறக்கை மூடியின் குறுக்கே கறுப்புப் பட்டை, ஒடுங்கிய கழுத்து. இதன் குஞ்சுப்புழு பளபளப்பான கறுப்பு, அதுவும் வேட்டைக்காரன்தான். ஒரு வண்டு நாளொன்றுக்கு 3 முதல் 5 சுருட்டுப்புழுவைக் காலி செய்யும். வளர்ந்த வண்டு, தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியையும் பிடிக்கும்.

நாளைக் காலை ஒரு பத்துச் சுருளைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சைப் புழு இருந்தால், தொட்ட மாத்திரத்தில் துள்ளி நெளியும். புழு இல்லாமல் எச்சமும் வண்டும் மட்டும் இருந்தால் அந்தச் சுருளில் கணக்கு முடிந்தது. காய்ந்த பழைய வெள்ளைக் கோட்டைக் காட்டி யாரும் மருந்து விற்க விடாதீர்கள்.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருவோம். லேபிளில் மருந்தின் பெயர் “த்ரின்” என்று முடிகிறதா? சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி? அப்படியானால் தொடவே தொடாதீர்கள். புழு சுருளுக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே திரியும் வண்டும் சிலந்தியும்தான் முதலில் சாகும். பிடித்துத் தின்ன ஆள் இல்லாத வயலில் அடுத்து புகையான் பெருகும். அதற்கும் அதே கடையில் மருந்து இருக்கிறது! சிலர் “பயோ” என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பாட்டிலைத் தருவார்கள். பூச்சிமருந்து என்று விற்கிற எதிலும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். 1968-லேயே போட்ட சட்டம் அது. எண் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இன்னொரு கூத்து, 266 ரூபாய் 50 காசு யூரியா மூட்டை வாங்கப் போனால் கூடவே ஒரு பாட்டிலும் தலையில் கட்டுவது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசு வருடா வருடம் அறிக்கை விடுகிறது; கடையில் வந்து பார்ப்பவர் யார்? உதவி வேளாண்மை அலுவலரோ மானிய விண்ணப்பத்தைச் செயலியில் ஏற்றுவதிலேயே கிடக்கிறார். அவர் வயலுக்கு வராத இடத்தில்தான் கடைக்காரர் நிபுணராகிறார்.

செலவில்லாத வேலை ஒன்று: முள் கொப்பைப் பயிர்மேல் இழுத்து விடுங்கள். சுருள் பிரிந்து புழு கீழே விழும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கரும்பச்சையாகத் தழைத்த வயலைத்தான் சுருட்டுப்புழு தேடி வரும். வரப்பில் புல்லை அரிவாளால் அறுத்தால் போதும், மருந்து வேண்டாம். தரை வண்டு கூட்டுப்புழுவாக இருப்பது அந்த வரப்பு மண்ணிலும்தான்.

எப்போதுமே அடிக்கக் கூடாதா என்றால், ஒரு கட்டம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை வரை சேதமானாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். கண்ணாடி இலை வந்த பிறகு அப்படி இல்லை. கதிருக்குக் கீழே உள்ள அந்தக் கடைசி இலைதான் நெல்மணிக்குப் பால் ஏற்றுகிறது. அது போனால் மாற்று இலை கிடையாது. பூக்கும் தருணத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து சேதம் தாண்டினால், அதுவும் உயிருள்ள புழு கண்ணில் பட்டால் மட்டும், மருந்து பற்றி யோசிக்கலாம். வயலின் குறுக்கே நடந்து பத்துக் குத்து, அதாவது ஒரே இடத்தில் நட்டு வளர்ந்த பத்துப் பயிர்க் கொத்து, எண்ணுங்கள். வரப்போரக் குத்தையும் மரநிழலில் நிற்கும் குத்தையும் எண்ணாதீர்கள். நிழலில் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து வயல் முழுக்க அடிப்பவர்கள்தான் அதிகம். எண்ணிக்கை அந்த அளவுக்குப் போனால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றில் தொடங்குங்கள்.

உங்கள் பயிருக்கு அந்தக் கட்டம் வர இன்னும் பல வாரம் இருக்கிறது. பாட்டிலைத் திறக்கவில்லையே? பில்லோடு திருப்பிக் கொடுங்கள். பில் போடவில்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கட்டும். “வேறு மருந்து மாற்றித் தருகிறேன்” என்பார். பணமாகக் கேளுங்கள்.