வெண்ணெய் குக்கீ மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் வர என்ன செய்ய வேண்டும்? என்னுடையது மாலைக்குள் நமுத்துப் போகிறதே?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் கடந்து போக என்னால் முடியவில்லை, ஏனெனில் இதே நமுத்துப்போன குக்கீயோடு இரண்டு ஆண்டுகள் நானும் போராடியிருக்கிறேன். கடலோர ஊர் ஒன்றில், சின்ன ஓடிஜி மின் அடுப்பில், கப் கணக்கில் சொல்லப்பட்ட செய்முறையைப் பார்த்து நீங்கள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேக்கரித் தொழிலை நான் படித்ததில்லை. ஆனால் கீழே இருக்கும் அளவுகள் ஒவ்வொன்றும் என் சமையலறையில் பல முறை எடை போட்டுப் பார்த்தவை.

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அப்பாவுக்காகத்தான் இதைத் தொடங்கினேன். பல்செட் வைத்த பிறகு கடை பட்டர் பிஸ்கட்டை அவரால் கடிக்க முடியவில்லை; டீயில் நனைத்துச் சாப்பிடுவதோ அவருக்கு அறவே பிடிக்காது. தடித்த பிஸ்கட்டுக்குப் பல்லின் பலம் வேண்டும், ஆனால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள குக்கீ நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையிலேயே நொறுங்கிவிடும். தேடியபோது கிடைத்தது பிரெஞ்சுக்காரர்கள் 'லாங் து ஷா' என்று அழைக்கும் குக்கீ. பூனை நாக்கு என்பது அதன் பொருள், வடிவமும் அப்படியே நீள்வட்டமாக இருக்கும். உப்பில்லாத வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டை வெள்ளைக் கரு, மைதா ஆகிய நான்கும் சம எடை என்பதால் கணக்கு மனத்தில் நிற்கும். நான் எடுப்பது நூறு நூறு கிராம். வெள்ளைக் கருவுக்கு மூன்று முட்டை போதும். இளகிய வெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்து, வெள்ளைக் கருவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் மைதாவைக் கலந்து, தாளின் மேல் விரல் நீளக் கோடுகளாக, இடைவெளி விட்டுப் பிழிந்தால், சூட்டில் அது தானாகவே பரவி மெலிந்துவிடும். வெண்ணெய் உருகி எண்ணெயாக ஓடக் கூடாது, நுரைக்க அடித்து அதில் காற்றையும் ஏற்றக் கூடாது.

நான் வசிக்கும் பெங்களூரில் முதல் முறையே நன்றாக வந்தது. அந்தப் பெருமையில் தீபாவளிக்கு ஒரு டின் நிறையச் செய்து ஊருக்கு எடுத்துச் சென்றேன். ஐப்பசி மழை பிடித்திருந்தது. மறுநாள் மாலை டின்னைத் திறந்தபோது குக்கீகள் ஒடியவில்லை, வளைந்தன. அப்பா எதுவும் சொல்லாமல் இரண்டைச் சாப்பிட்டார். அது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

காரணம் தண்ணீர். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதமும் வெள்ளைக் கருவில் 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் தண்ணீர் உண்டு. ஆக, 400 கிராம் மாவில் 100 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அது ஆவியாக வெளியேற வெளியேறத்தான் கரைந்திருந்த சர்க்கரை இறுகுகிறது. கடலைமிட்டாய்ப் பாகு சூட்டில் இழுபட்டு, ஆறியதும் ஒடிகிறதல்லவா, அதே பதம்தான் இதுவும். அடுப்பிலிருந்து எடுக்கும்போது மென்மையாக இருப்பது குறையாகாது, மொறுமொறுப்பு ஆறும்போதே பிறக்கிறது. 180 டிகிரி சூட்டில் வைத்து, ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுவதுதான் வழக்கம், நானும் அப்படியே செய்தேன். வெளுத்திருந்த நடுப்பகுதியில் ஈரம் தங்கியிருந்தது. மழைக்காற்றின் ஈரமும் சேர்ந்ததும் சர்க்கரை இளகிவிட்டது. இப்போது 160 டிகிரியில் 14 நிமிடம், நடுப்பகுதியும் வெளிர்பொன் நிறம் பெறும் வரை வைக்கிறேன். அந்த நிறத்தோடு வெண்ணெயின் மணமும் ஆழப்படுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அடுப்பின் திருகு 180 காட்டியபோது உள்ளே வைத்த வெப்பமானி 205 காட்டியது. பழுதுபார்க்கும் நிலையத்துக்குத் தூக்கிச் சென்றேன். இதெல்லாம் சாதாரணம் என்று, திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். எத்தனை பேர் தங்கள் கைப்பக்குவத்தைத் தவறாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கப் அளவில் செய்முறை சொல்பவர்கள் மீதும் அதே கோபம் உண்டு. ஒரே கப்பில் மைதாவை அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் வேறோர் எடை. 20, 30 கிராம் வேறுபாடு எளிதில் வந்துவிடும். மெல்லிய குக்கீக்கு அது மிகப் பெரிய வேறுபாடு. ஆகவே தராசும் அடுப்பு வெப்பமானியும் வாங்குங்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடக் கூடாதா என்று கேட்பவர்கள் வருவார்கள். உடல்நலம் குறித்து நான் வாதாட வரவில்லை, ஆனால் நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் குக்கீ மென்மையாகிவிடும். நெய்யில் தண்ணீரே இல்லையே என்பதும் சரியான கேள்விதான், ஆனால் நெய்யில் செய்தால் நான்கட்டாய் போல மணல் மணலாக உதிரும், ஒடியும் தன்மை வராது. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா என்ற ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட் பிஸ்கட் கணக்கில் பிசைந்து, குளிரவைத்து, 3 மில்லிமீட்டருக்குத் தேய்த்துச் செய்யலாம். அதுவும் அருமையாக இருக்கும்.

முழுவதும் ஆறிய பிறகே டின்னில் அடுக்குங்கள், வெதுவெதுப்பாக மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். அடியில் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து வைக்கிறேன். அதையும் மீறி நமுத்தால் 150 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டுவிடும். அடுப்பு இல்லாத அப்பாவோ அடிகனமான வாணலியில் ஸ்டாண்டு வைத்து, அதன் மேல் தட்டில் குக்கீயைப் பரப்பி, மூடாமல் சிறுதீயில் சூடாக்குகிறார். மழை நாளில் நாலு மணிக்கு, டீ வைப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுகிறார்.